நாலாவது ஆள்

ஒரகடம்
27 ஜனவரி 2025

அன்புள்ள அண்ணனுக்கு,

கவியா எழுதுகிறேன். உடம்பு எப்படி இருக்கிறது? பனிக்குப் போர்த்திக்கொள்ள அங்கே ஏதாவது தந்தார்களா? இங்கே அம்மாவுக்கு இருமல் மட்டும் விடவில்லை. அப்பா எப்போதும்போல் குடோன் வாட்ச்மேன் வேலைக்குப் போய் வருகிறார். உன் பேச்சை எடுத்தால் எழுந்து வெளியே போய்விடுகிறார்.

கடிதத்தை அங்கே படித்துப் பார்த்த பிறகுதான் உன்னிடம் தருவார்களாம். எதை எழுதலாம், எதை எழுதக் கூடாது என்று யோசித்ததிலேயே பொங்கல் முடிந்துவிட்டது.

இலவச சட்ட உதவியில் நமக்குக் கிடைத்த வக்கீல் பலராமன் சாரைப் பார்த்தோம். அம்மாதான் பேசினாள். நான் அம்மாவுக்குப் பின்னால் நின்றேன். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். “இருபத்தொண்ணு முடியாத பையன். முதல் தப்பு. இப்படிப்பட்டவனை ஜெயிலுக்கு அனுப்பறதுக்கு முன்னாடி வேற வழி இருக்கான்னு கோர்ட்டு பார்க்கணும்னு சட்டமே சொல்லுது. காப்பர் ஒயர் எடுத்ததை ஒத்துக்கிட்டா, நன்னடத்தைப் பத்திரம் எழுதி வாங்கிட்டு விடச் சொல்லிக் கேக்கலாம். வீட்லயே இருக்கலாம், வேலைக்குப் போகலாம். மாசாமாசம் ஆபீசர் முன்னாடி கையெழுத்துப் போடணும், அவ்வளவுதான்.”

அதற்கு முன் நன்னடத்தை அலுவலர் ஒருவர் நம் வீட்டுக்கு வந்து விசாரிப்பாராம். உனக்கு நிலையான இருப்பிடம் இருக்கிறதா, வீட்டார் உன்னைச் சேர்த்துக்கொள்வார்களா என்று பார்த்து எழுதுவாராம். அது இல்லாமல் விட மாட்டார்களாம்.

அதைக் கேட்டதிலிருந்து எனக்கு ஒரே யோசனை. உன் ஆதாரில் இருப்பது நாங்குநேரி விலாசம். இங்கேயோ, வீட்டுக்காரம்மா மூன்று பேர் என்றுதான் அறையைக் கொடுத்திருக்கிறார்கள். நீ சத்தம் காட்டாமல் வந்து, பகலில் தூங்கி, சத்தம் காட்டாமல் ஷிப்டுக்குப் போனாய். உன் செருப்பைக்கூட நாங்கள் வாசலில் விட்டதில்லை. யார் கேட்டாலும் “அண்ணன் கம்பெனி ஹாஸ்டல்ல இருக்கான், சாப்பிட மட்டும் வருவான்” என்பதுதான் நம் வீட்டுப் பதில். நீ ஜெயிலில் இருப்பது அவர்களுக்கு இன்னும் தெரியாது.

கம்பெனியிலிருந்து ரப்பர் வாஷர் மூட்டை வந்துவிட்டது. பிசிறு வெட்டிச் சாயங்காலம் வண்டிக்குக் கொடுக்க வேண்டும். உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் தங்கை,
கவியா

•

16 பிப்ரவரி 2025

அன்புத் தங்கச்சி கவிக்கு,

சக்திகுமார் எழுதுவது. நான் சுகம் என்று எழுத வேண்டும் அல்லவா, எழுதிவிட்டேன். அம்மாவைக் காய்ச்சிய தண்ணீர் குடிக்கச் சொல். அப்பாவிடம் ஒன்றும் சொல்ல வேண்டாம்.

வக்கீல் சொன்னபடியே ஒத்துக்கொள்ளப் போகிறேன். செய்ததுதானே. பிடிக்க வந்தபோது, கூட இருந்த இரண்டு பேரும் வேனிலிருந்து குதித்து ஓடினார்கள். நான் வேனுக்குள் அட்டைப்பெட்டி மேல் உட்கார்ந்திருந்தேன். ஓட வேண்டும் என்றே தோன்றவில்லை.

எங்கள் பிளாக்கில் பாபு என்று மெட்ராஸ்காரர் ஒருவர் இருக்கிறார். வந்த அன்றே “இன்னா கேஸு?” என்று கேட்டார். சொன்னேன். “யார்கிட்ட விக்கிறதுன்னே தெரியாம காப்பர் எடுத்த ஒரே ஆளு நீதான்டா. வண்டியில குந்திகினே மாட்டிகினியா? ஸ்கூல் பையன்டா நீ” என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வேறு என்ன செய்ய? பாபு நல்லவர்தான். அவர் பங்கு முட்டையை எனக்குத் தருவார். மத்தியானம் முழுக்க எங்களைச் சுற்றி உட்கார வைத்துப் பாடம் நடத்துவார். என்ன பாடம் என்று இதில் எழுத முடியாது. பத்தாவதில் இவ்வளவு கவனமாகக் கேட்டிருந்தால் பாஸாகியிருப்பேன்.

ஏட்டி, அந்த ஆபீசர் வரும்போது பயப்படாதே. என் மகன் இங்கேதான் தூங்குவான், இங்கேதான் சாப்பிடுவான் என்று அம்மாவைச் சொல்லச் சொல். அது ஒன்று போதும் என்று பலராமன் சார் என்னிடமும் சொன்னார். நீ பேச வேண்டியதில்லை. உன்னைத் தெரியாதா எனக்கு?

வீட்டில் எல்லாரையும் கேட்டதாகச் சொல்.

அண்ணன்,
சக்திகுமார்

•

ஒரகடம்
20 ஏப்ரல் 2025

அன்புள்ள அண்ணனுக்கு,

நலமா? வெயில் தாங்க முடியவில்லை. அம்மாவுக்கு இருமல் குறைந்திருக்கிறது. அப்பாவுக்குக் கால் வீக்கம்.

அந்த ஆபீசர் போன வாரம் வந்தார்கள். செந்தாமரை என்று பெயர். கொஞ்சம் வயதானவர்கள், மரியாதையாகப் பேசினார்கள். அம்மா டீ போட்டுக் கொடுத்தாள். வீட்டுக்காரம்மாவும் கூடவே வந்து நின்றார்கள். எல்லாம் சீக்கிரம் முடிந்துவிட்டது.

இப்போது வாஷரோடு பெரிய ரப்பர் உறைகளும் கொடுக்கிறார்கள். கை காய்த்துவிட்டது. வேறு விசேஷம் இல்லை. வேளைக்குச் சாப்பிடு.

கவியா

•

4 மே 2025

அன்புத் தங்கச்சிக்கு,

உன் கடிதத்தை நாலு தடவை படித்தேன். டீ போட்டது தெரிகிறது. டீ குடித்துவிட்டு என்ன கேட்டார்கள்? அம்மா என்ன சொன்னாள்? அதை எழுதவே இல்லையே.

வருகிற வாரம் தீர்ப்பு. விட்டுவிட்டால் நேராக வீட்டுக்குத்தான். கத்தரிக்காய்ப் புளிக்குழம்பு வைக்கச் சொல். பாபுவிடம் சொன்னேன். “போனா திரும்பி வராதடா, வந்தா பிரமோஷனோட வா” என்று கிண்டல் செய்கிறார்.

உடனே பதில் போடு.

அண்ணன்

•

29 மே 2025

கவியாவுக்கு,

உன்னிடமிருந்து பதில் இல்லை. அன்றைக்குக் கோர்ட்டுக்கு அப்பா வந்திருந்தார், உனக்குத் தெரிந்திருக்கும். தூரத்தில் நின்றார். போலீஸ் வேனில் ஏற்றும்போது பார்த்தேன், அதற்குள் திரும்பி நடந்துகொண்டிருந்தார்.

ஜட்ஜ் அம்மா கோபமாக ஒன்றும் பேசவில்லை. காகிதத்தைப் பார்த்தார்கள். “இந்த வயசுப் பையனை வெளியே விடத்தான் நினைச்சேன். ஆனா நிலையான இருப்பிடம் இல்லை, குடும்பத்தோடு வசிக்கலைன்னு அறிக்கை வந்திருக்கு. நான் எந்த விலாசத்தை நம்பி விடறது?” என்றார்கள். பலராமன் சார் எழுந்து என்னவோ சொன்னார், எடுபடவில்லை. ஒன்றரை வருஷம்.

ஒன்றே ஒன்றுதான் எனக்குத் தெரிய வேண்டும். நான் அங்கே வசிக்கவில்லை என்று யார் சொன்னது? வீட்டுக்காரம்மாவா?

சக்திகுமார்

•

ஒரகடம்
22 ஜூன் 2025

அன்புள்ள அண்ணனுக்கு,

உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்கவே கூச்சமாக இருக்கிறது. ஆனாலும் கேட்கிறேன்.

நீ கேட்டதற்குப் பதில் எழுத வேண்டாம் என்று அம்மா சொல்லியிருந்தாள். அதனால்தான் இவ்வளவு நாள் எழுதவில்லை. இப்போது அம்மாவுக்குத் தெரியாமல் எழுதுகிறேன்.

செந்தாமரை மேடம் படியேறும்போதே வீட்டுக்காரம்மா பின்னாலேயே வந்துவிட்டார்கள். “இன்னா அன்னக்கிளி, ஆபீசரு வந்துகிறாங்க, இன்னா விசயம்?” என்று அம்மாவைக் கேட்டபடி வாசற்படியிலேயே நின்றுகொண்டார்கள். மேடம் உட்கார்ந்து, டீ குடித்து, நோட்டை எடுத்து, “உங்க மகன் சக்திகுமார் இந்த வீட்லதான் இருந்தாரா?” என்று கேட்டார்கள்.

அம்மா மேடத்தைப் பார்க்கவில்லை. வாசற்படியைப் பார்த்தாள்.

“இல்லங்கம்மா. நாங்க மூணு பேருதான் இருக்கோம். அவன் ஹாஸ்டல்ல இருந்தான். எப்பமாவது சாப்புட வருவான்.”

“ராத்திரி தங்க மாட்டாரா?”

“தங்க மாட்டாங்க மேடம்” என்று வீட்டுக்காரம்மாவே பதில் சொன்னார்கள். “மூணு பேருக்குன்னு சொல்லித்தான் வூட்டை உட்டுக்கிறேன். நாலாவது ஆளு கெடையாது.”

மேடம் எழுதிக்கொண்டார்கள். பிறகு என்னைப் பார்த்து, “நீ என்னம்மா சொல்ற?” என்றார்கள். என் கையில் வாஷர் இருந்தது. தலையை ஆட்டினேன். எதற்காக ஆட்டினேன் என்று எனக்கே தெரியவில்லை.

அவர்கள் போன பிறகு அம்மா என்ன சொன்னாள் தெரியுமா? “ஏட்டி, வீட்டுக்காரி நம்பிட்டா பாத்தியா” என்றாள். சந்தோஷமாகச் சொன்னாள், அண்ணா. இரண்டு வருஷமாகச் சொல்லிப் பழகிய பதில் அது. கேட்டது வேறு ஆள், கேட்டது வேறு விஷயம் என்பது அவளுக்கு மறுநாள் காலையில்தான் உறைத்தது. அன்று உலை வைக்கவில்லை.

தீர்ப்புக்குப் பிறகு நான் தனியாக இரண்டு பஸ் மாறி அந்த ஆபீசுக்குப் போனேன். படிக்கட்டில் வெகுநேரம் நின்றேன். செந்தாமரை மேடமே சாப்பாட்டுக்கு இறங்கும்போது பார்த்து, “நீ ஒரகடம் பொண்ணுதானே?” என்றார்கள். எல்லாவற்றையும் சொன்னேன். பகலில் நீ தூங்கும்போது வெளியே தெரியாமல் இருக்க ஜன்னலில் அட்டை வைத்ததையும் சொன்னேன்.

“நான் கேட்டதைத்தான் எழுதினேன் கண்ணு” என்றார்கள். “அந்தம்மாவை வெளிய அனுப்பிட்டுக் கேட்டிருக்கணும். அன்னிக்கு இன்னும் பல வீடு பாக்க வேண்டியிருந்துச்சு.” “சரி, ஒயரை எதுக்கு எடுத்தான்?” என்று கேட்டார்கள்.

கான்ட்ராக்ட் தொழிலாளர்களுக்கு வருஷம் முடிகிற சமயத்தில் வேலையை நிறுத்தி ‘பிரேக்’ கொடுப்பார்கள், உனக்கும் கொடுத்தார்கள், திரும்பக் கூப்பிடவில்லை, தினமும் பையை மாட்டிக்கொண்டு வேலைக்குப் போவதுபோல் போய் வந்தாய் என்று சொன்னேன்.

“இதை யாருமே எங்கிட்ட சொல்லலியே.”

“யாரும் கேக்கல மேடம்” என்றேன். சொன்ன பிறகு எனக்கே பயமாகிவிட்டது. அவர்கள் கோபிக்கவில்லை. “மேல் கோர்ட்டுல அப்பீல் போடுங்க. அங்கயும் பத்திரத்துல விடலாம். நாலு பேருன்னு வாயத் தொறந்து சொல்ற வீட்டுக்காரர் ஒருத்தரைப் புடி. நான் திரும்ப வந்து விசாரிச்சு எழுதறேன்” என்றார்கள்.

பிடிப்பேன். அம்மாவைத் திட்டாதே. திட்டுவதானால் என்னைத் திட்டு.

கவியா

•

20 ஜூலை 2025

கவியாவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. இதை முதலிலேயே எழுதியிருக்கலாம்.

யாரையும் திட்டவில்லை. அம்மா பொய் சொல்லவில்லை என்றுதான் தோன்றுகிறது. நீங்கள் எழுந்து பாய் சுருட்டிய இடத்தில் நான் படுத்தேன். நான் எழுந்து போன பிறகு நீங்கள் விளக்கேற்றினீர்கள். அதற்குப் பேர் அந்த வீட்டில் இருந்தது என்றால் இருந்தேன்.

பாபு ஜாமீனில் வெளியே போய்விட்டார். போகும்போது, “உனக்கு வேண்டியது ஒரு விலாசம்தானடா? இதுக்கா அழுவுற?” என்றார். அவருடைய அண்ணன் வாலாஜாபாத் ரோட்டில் பழைய இரும்புக் கடை வைத்திருக்கிறார். சொந்த வீடு, அவர் பேரிலேயே வீட்டு வரி ரசீது. எனக்குப் பிணை நிற்க ஆள் தருகிறார், தங்க இடம் தருகிறார், வேலையும் தருகிறார். வேறு வக்கீலும் அவர்களே வைக்கிறார்களாம். அப்பீல் போட்டாயிற்று.

பலராமன் சாருக்கு என் நன்றியைச் சொல்.

சக்திகுமார்

•

ஒரகடம்
31 ஆகஸ்ட் 2025

அன்புள்ள அண்ணனுக்கு,

நலமா? இங்கே மழை. அப்பாவுக்குக் கால் வீக்கம் வடியவில்லை. ஆனாலும் வேலைக்குப் போகிறார்.

இந்தக் கடிதத்தைப் படிக்கிறவர்கள் படிக்கட்டும். அந்த வீட்டை விலாசமாகக் கொடுக்காதே. பழைய இரும்பு வாங்குகிற ஒருவர், காப்பர் எடுத்து மாட்டிய பையனுக்கு எதற்காகச் சோறு போட்டு இடம் தர வேண்டும்? பாபு மத்தியானத்தில் நடத்திய பாடம் எதற்கு என்று உனக்குத் தெரியாதா? நான் ஒன்பதாவதோடு நின்றவள், எனக்கே தெரிகிறது.

அறை தேடிக்கொண்டிருக்கிறேன். வண்டிக்கு வாஷரைக் கொடுத்த பிறகு தினமும் ஒரு தெரு. வல்லக்கோட்டை, மாத்தூர், இங்கே பக்கத்துக் கிராமமான பண்ருட்டி எல்லாம் பார்த்தாயிற்று. “எத்தினி பேரு?” என்பதுதான் முதல் கேள்வி. நாலு என்றால், “நாலாவது யாரு, எங்க வேலை?” என்பார்கள். நான் வாயைத் திறப்பதற்குள் முகத்தைப் பார்த்தே கதவைச் சாத்துகிறார்கள். ஒருவர் மட்டும் முழுக்கக் கேட்டார். கேட்டுவிட்டு, “இதெல்லாம் எதுக்கும்மா வெளிய சொல்லிகினு கீற? மூணு பேருன்னு சொல்லிட்டு வந்துரு, நானும் கண்டுக்க மாட்டேன்” என்றார். நல்ல மனுஷர்தான். ஆனால் அந்த வீடு நமக்கு வேண்டாம் என்று வந்துவிட்டேன்.

கொஞ்சம் பொறு, அண்ணா. தீபாவளிக்குள் பிடித்துவிடுவேன். செந்தாமரை மேடமும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

அம்மா உனக்கு ஒன்று எழுதச் சொன்னாள். என்ன என்று கேட்டால் அழுகிறாள். அதனால் அதை எழுத முடியவில்லை.

கவியா

•

வாலாஜாபாத் ரோடு
12 அக்டோபர் 2025

அன்புத் தங்கச்சிக்கு,

நான் வெளியே வந்துவிட்டேன். மேல் கோர்ட்டில் தண்டனையை நிறுத்தி, இரண்டு வருஷம் நன்னடத்தைப் பத்திரத்தில் விட்டார்கள். இந்த வீட்டை ஒரு புது ஆபீசர் வந்து பார்த்துவிட்டுப் போனார். மாடி, தனி அறை, வாசலில் நம்பர் போர்டு எல்லாம் இருக்கிறது. அவருக்குத் திருப்தி. பத்து நிமிஷம்கூட ஆகவில்லை.

உன் கடிதம் விசாரணைக்கு முந்தின நாள்தான் கைக்கு வந்தது. பொறு என்று எழுதியிருந்தாய். வெளியில் இருக்கிறவர்கள் எழுதுகிற வார்த்தை அது.

நன்றாகச் சாப்பிடுகிறேன். கட்டில் மெத்தை இருக்கிறது. பாபுவின் அண்ணன் ஒரு சட்டை வாங்கித் தந்தார். சாயங்காலத்துக்கு மேல் லோடு ஏற்ற வண்டியோடு போக வேண்டும். எங்கே போகிறோம் என்று நான் கேட்பதில்லை. போன் இன்னும் வாங்கவில்லை. வேண்டாம் என்கிறார்கள்.

நீங்கள் இப்போது இங்கே வர வேண்டாம். நானே வருகிறேன். அம்மாவைக் கேட்டதாகச் சொல். அப்பாவையும்.

சக்திகுமார்

•

இருங்காட்டுக்கோட்டை
7 டிசம்பர் 2025

அன்புள்ள அண்ணனுக்கு,

எப்படி இருக்கிறாய் என்று கேட்கிறேன். உண்மையிலேயே தெரியாமல்தான் கேட்கிறேன்.

மேலே இருக்கும் ஊரைப் பார். நாங்கள் வீடு மாறிவிட்டோம். வீட்டுக்காரர் கோதண்டம், இந்த ஊர்க்காரர். முன்பு விவசாயம், இப்போது கார் கம்பெனி கேண்டீனில் வேலை. “எத்தினி பேரு?” என்றார். நாலு என்றேன். “நாலாவது யாரு?” என்றார். “எங்க அண்ணன். காப்பர் ஒயர் எடுத்து ஜெயிலுக்குப் போனான். இப்ப பத்திரத்துல வெளிய இருக்கான்” என்று நிற்காமல் சொல்லிவிட்டேன். அம்மா என் கையைப் பிடித்து அழுத்தினாள். அவர் வாயிலிருந்த வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தார். “என் வூட்டுல எதுனா காணாம போச்சுன்னா ஒங்கிட்டதான் வருவேன். வரச் சொல்லு, மூஞ்சியப் பாக்கணும்” என்றார். அவ்வளவுதான் பேச்சு. பின்பக்கம் ஓட்டு வீடு, ஒரு அறை, மழைக்கு ஒரு மூலை ஒழுகுகிறது.

இதை உனக்கு நவம்பரிலேயே எழுதிப் போட்டேன். பதில் வரவில்லை.

வியாழக்கிழமை செந்தாமரை மேடம் இந்த வீட்டுக்கே வந்தார்கள். இரண்டு மாதமாக நீ கையெழுத்துப் போட வரவில்லையாம். வாலாஜாபாத் ரோட்டில் போய்ப் பார்த்திருக்கிறார்கள், வீடு பூட்டிக் கிடக்கிறதாம். ஏதோ குடோனில் மோட்டார் திருட்டு என்று போலீசும் அங்கே வந்து கேட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். பக்கத்தில் யாரும் எதுவும் சொல்ல மாட்டேன் என்கிறார்களாம். மேடம் என்னிடம் “அவன் எங்கம்மா?” என்று கேட்டார்கள். தெரியாது என்றேன். அம்மாவும் தெரியாது என்றாள். கோதண்டம் ஐயாவும் அங்கேதான் இருந்தார், எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றார்.

வருகிற இருபத்திரண்டாம் தேதி கோர்ட்டில் உன் பெயரைக் கூப்பிடுவார்கள். நீ வராவிட்டால் பத்திரத்தை ரத்து செய்து, பழைய தண்டனையையே அனுபவிக்கச் சொல்லிவிடுவார்களாம். நான் மேடத்திடம், அதற்குள் அவன் வந்தால் இந்த விலாசத்தை மாற்றிக் கொடுக்க முடியுமா என்று கேட்டேன். “முடியும். நானே நின்னு மாத்தித் தரேன். ஆனா விலாசத்தை வெச்சு நான் என்ன பண்றது? ஆள் வரணும்” என்றார்கள்.

இந்தக் கடிதத்தைப் பூட்டிய வீட்டுக்குத்தான் போடுகிறேன். வேறு விலாசம் எனக்குத் தெரியாது. கதவுக்கு அடியில் தள்ளிவிட்டுப் போனாலும் போவார்கள். அம்மா தினமும் நாலு பேருக்கு வடிக்கிறாள். மிஞ்சுவதை மறுநாள் காலையில் அப்பா தண்ணீர் ஊற்றிச் சாப்பிடுகிறார்.

பெங்களூர் ரோட்டில் இருங்காட்டுக்கோட்டை நிறுத்தத்தில் இறங்கு. சிப்காட் கேட்டுக்குப் போகாமல் இடது பக்கம் ஏரிக்கரையோடு வந்தால் தண்ணீர்த் தொட்டி. அதற்கு எதிரில் பச்சைக் கேட். எந்த நேரமானாலும் வா. வாசலில் நின்று சத்தமாகவே கூப்பிடு.

உன் தங்கை,
கவியா